அவர்கள் காப்பி அடிக்கவில்லை

நேற்றைய விவகாரம் உங்களில் பலருக்குத் தெரியும். என் வகுப்பில் நான்கு பிள்ளைகள் கூடி உட்கார்ந்து போட்ட கணக்குக்கு, "நான்கு நோட்டிலும் ஒரே விடை, ஒரே வழி, காப்பி" என்று நோட்டைத் திருத்தியவர்கள் பூஜ்யம் போட்டுவிட்டார்கள். எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை. அவர்கள் காப்பி அடிக்கவில்லை. நான் பக்கத்திலேயே நின்றேன்.

10 பேர் ஒருவருக்கொருவர் கைகுலுக்கினால் மொத்தம் எத்தனை கைகுலுக்கல்? இதுதான் கணக்கு. ஒருவன் சட்டென்று 10 × 9 = 90 என்றான். வகுப்பில் வாயே திறக்காத சிறுமி ஒருத்தி, "நான் உனக்குக் கை கொடுக்கும்போதே நீயும் எனக்குக் கொடுத்தாயிற்றே, அதை ஏன் இரண்டு தடவை எண்ணுகிறாய்?" என்று கேட்டாள். நால்வரும் எழுந்து தங்களுக்குள் கைகுலுக்கி எண்ணினார்கள். 12 வரவில்லை, 6தான் வந்தது. அப்படியானால் 90இல் பாதி, 45. இன்னொருத்தி 9 + 8 + 7 என்று 1 வரை கூட்டி அதே 45க்கு வந்து சேர்ந்தாள். இதைக் காப்பி என்கிறார்கள்!

"கெட்டிக்காரப் பிள்ளை போடும், மற்றவை பார்த்து எழுதும்" என்பீர்கள். அப்படியும் நடக்கிறது, மறுக்கவில்லை. அதனால்தான் முதல் ஐந்து நிமிடம் தனியாக யோசிக்கச் சொல்கிறேன். முடிவில் நான் யாரைக் கைகாட்டினாலும் அவர் எழுந்து விளக்க வேண்டும். அந்த நால்வரில் யாரை எழுப்பியிருந்தாலும் விளக்கியிருப்பார்கள். பூஜ்யம் போட்டவர்கள்தான் எழுப்பிக் கேட்கவில்லை.

"தேர்வைக் கூடியா எழுதப்போகிறார்கள்?" தனியாகத்தான் எழுதுவார்கள். 1970களில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி டிரைஸ்மன் என்ற ஆய்வாளர் கவனித்த நுண்கணித (கால்குலஸ்) மாணவர்களும் தேர்வைத் தனியாகத்தான் எழுதினார்கள். நன்றாகச் செய்த சீன வம்சாவளி மாணவர்கள் முதலில் தனியாகப் போட்டுப் பார்த்துவிட்டு, பிறகு கூடி ஒருவர் கணக்கை ஒருவர் சரிபார்த்தார்கள். தடுமாறிய கறுப்பின மாணவர்களும் உழைத்தவர்கள்தாம், ஆனால் பெரும்பாலும் தனியாக. அவர்களையும் கூடி உட்காரவைத்ததும் நிலைமை மாறியது.

நான் படித்த காலத்தில் நோட்டை இடது கையால் மறைத்துக்கொண்டுதான் கணக்குப் போடுவேன். அப்படித்தான் பழக்கினார்கள். மைனஸை மைனஸால் பெருக்கினால் ஏன் பிளஸ் என்று கேட்க மூன்று வருடம் எனக்கு வாய் வரவில்லை. கடைசியில் ஒரு தோழி −2ஐ 3, 2, 1, 0 என வரிசையாகப் பெருக்கி, −6, −4, −2, 0 என்று எழுதி, "அடுத்தது −1ஆல் பெருக்கு, என்ன வரும்?" என்றாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த மூன்று வருடத்தை நினைத்தால் இன்றும் தொண்டை அடைக்கிறது.

இன்று காலை அந்தச் சிறுமி நோட்டைக் கையால் மறைத்துக்கொண்டு எழுதினாள். மதிப்பெண்ணைத் திருத்தித் தருகிறோம் என்கிறார்கள். திருத்துங்கள். அதற்கு முன் அவளைக் கூப்பிட்டு, அந்தக் கேள்வியைக் கேட்டது அவள்தான் என்று எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள்.