சாதிப் பெயரை எழுதிக்கொண்டு போனவர்கள் அதை எங்கே வைத்தார்கள்?

கொரோனா ஊரடங்குக்குச் சற்று முன்பு, உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குச் சுகாதார ஆய்வு என்று சொல்லிக்கொண்டு, கையில் டேப்லெட்டுடன் ஒரு பெண் வந்தார். கழிப்பறை, அடுப்பு, குடிதண்ணீர் என்று கேட்ட எல்லாவற்றுக்கும் தயங்காமல் பதில் சொன்ன என் அப்பத்தா, சாதியைக் கேட்டதும் ஒரு கணம் வாசலைப் பார்த்தாள், பிறகு சொன்னாள். இரத்தசோகை இருக்கிறதா என்று பார்ப்பதற்காக அந்தப் பெண் என் மதினியின் விரலைப் பிடித்தபோது, “எழுதுறத எழுதிக்க தாயி, ரேக மட்டும் எடுத்துராத” என்றாள் அப்பத்தா. நாங்கள் சிரித்துவிட்டோம். சிரித்திருக்கக் கூடாது.

அப்பத்தாவின் தகப்பனார் ரேகைச் சட்டத்தில் பதியப்பட்டவர். ஒரு சமூகத்தையே பிறவிக் குற்றவாளிகளாகக் கருதிக் கைரேகை பதியவைத்த 1911ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டத்தைப் பிரமலைக் கள்ளர் மீது ஏவியபோது, ரேகை பதிய மறுத்து நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது; இறந்தவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் நீங்க 1947 ஆயிற்று. ஆக, உட்பிரிவு வாரியான கணக்கெடுப்பு என்பது எங்கள் பக்கத்துக்குக் காவல் நிலையத்தின் வழியாகத்தான் முதலில் வந்து சேர்ந்தது. இதை அறிந்தே சொல்கிறேன்: சுகாதார ஆய்வுகளில் உட்பிரிவுப் பெயரைக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் கேட்ட பெயருக்குப் பயன் இருக்க வேண்டும்.

தேசிய குடும்ப நல ஆய்வின் அறிக்கைகளைப் புரட்டினால், பட்டியல் சாதி, பட்டியல் பழங்குடி, இதர பிற்படுத்தப்பட்டோர், மற்றவர் என்ற பெரிய கட்டங்களே அட்டவணைகளில் கண்ணில் படுகின்றன. மதுரை மகாலைச் சுற்றித் தலைமுறைகளாக நெசவும் வணிகமும் செய்துவந்த சௌராஷ்டிரரும், மானாவாரி நிலத்தை நம்பிய எங்கள் ஊர்க்காரரும் அங்கே ஒரே கட்டத்துக்குள் வந்துவிடுகிறோம். பட்டியல் சாதிக்குள்ளும் நிலைமை ஒன்றல்ல என்பதால்தான் 2009இல் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. வேலைக்கும் படிப்புக்கும் தெரியும் அந்த வேறுபாடு, எடை குறைந்து பிறக்கும் குழந்தையைக் கணக்கிடும்போது மட்டும் ஏன் மறைந்துபோக வேண்டும்?

பழங்குடியினரின் நிலை இன்னும் மோசம். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி அவர்கள் தமிழ்நாட்டில் 1.1 விழுக்காடு, அப்போது பட்டியலில் இருந்தவை 36 குடிகள். ஐந்தாவது குடும்ப நல ஆய்வு இங்கே சுமார் 28,000 வீடுகளுக்குப் போனது. மக்கள்தொகை விகிதப்படி பங்கு பிரித்தால் பழங்குடி வீடுகள் ஏறத்தாழ 300தான் தேறும், அதற்குள் சாப்டூர் மலையடிவாரப் பளியரும் நீலகிரித் தோடரும் சேர்ந்தே அடங்க வேண்டும். எனவே பெயரைக் கேட்டால் மட்டும் போதாது. சிறிய குடிகளிடம் கூடுதலான வீடுகளுக்குப் போக வேண்டும்.

மருத்துவத்துக்கு இது வெறும் புள்ளிவிவர ஆசை அல்ல. இரத்தச் சிவப்பணுக்களை அரிவாள்போல் வளைத்துச் சோகை தரும் அரிவாள் செல் மரபணு இந்தியாவில் 1952இல் நீலகிரிப் பழங்குடிகளிடம் கண்டறியப்பட்டது. மயக்க மருந்தோடு தரப்படும் சக்சமெத்தோனியம் என்ற தசைதளர்த்தி மருந்து ஆரிய வைசியர் சிலரின் உடலில் எளிதில் சிதைவதில்லை, மூச்சுத் தசைகள் நெடுநேரம் செயலற்றுக் கிடக்கும். 2017இல் வெளிவந்த ஒரு மரபணு ஆய்வு, தெற்காசியாவின் 263 சமூகக் குழுக்களில் 81இல், தமக்குள்ளேயே மணம் முடிக்கும் அகமணத்தால் வரும் மரபு நெருக்கம், அதற்குப் பேர்போன பின்லாந்து மக்களிடம் உள்ளதைவிட அதிகம் என்று காட்டியது. அதற்காக எல்லாவற்றையும் இரத்தத்தின் தலையில் கட்டிவிட முடியாது. பளியர் பெண்ணின் சோகைக்கு மரபணுவைத் தேடுமுன், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அவள் எவ்வளவு தூரம் நடக்கிறாள் என்று கேட்க வேண்டும். இரண்டில் எது காரணம் என்று பிரித்தறியவும் அந்தப் பெயர் வேண்டும்.

கேட்கக் கேட்கச் சாதி வளரும் என்பார் என் நண்பர். வாடகைக்கு வீடு பார்க்கும்போதும் பெண் பார்க்கும்போதும் கேட்காமலா இருக்கிறோம்? என் பயம் வேறு. 1980களில் பெண் சிசுக்கொலைச் செய்திகள் வந்தபோது உசிலம்பட்டி என்ற ஊர்ப்பெயரே வசைச்சொல்லாயிற்று. ஆனால் வளர்க்க விரும்பாத பெண் குழந்தைகளை அரசே ஏற்கும் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் தொடங்கப்பட்டதோ சேலத்தில். ஓர் எண் ஒரு சாதியின் மேல் ஒட்டிக்கொண்டால் உரித்தெடுக்க ஒரு தலைமுறை ஆகும். ஆகவே பதில் சொல்ல மறுக்கும் உரிமையை முதலிலேயே எடுத்துச் சொல்ல வேண்டும். ஆள் பெயரும் சாதிப் பெயரும் ஒரே கோப்பில் இருக்கக் கூடாது. ஆளை அடையாளம் காட்டிவிடும் அளவுக்குச் சிறிய எண்களை வெளியிடக் கூடாது. காவல் துறை அதைத் தொடவே கூடாது. கிடைத்த முடிவை ஊருக்கே திரும்ப வந்து கிராம சபையில் படிக்க வேண்டும், அதுவும் புரியும் தமிழில். 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியும் கேட்கப்படும் என்கிறார்கள். அது தலையை எண்ணும், இரத்தத்தைச் சோதிக்காது.

மதினிக்கு இரத்த அளவை எழுதிய சீட்டு அன்றைக்கே கையில் கிடைத்தது, இரும்புச்சத்து மாத்திரையும் சாப்பிட்டார். அப்பத்தாதான் போன பொங்கலுக்குக்கூடக் கேட்டாள்: “அந்தப் புள்ள நம்ம பேர எழுதிக்கிட்டுப் போச்சே, அது இப்ப எங்கய்யா இருக்கு?”