ஓர் இரவுப் பண்டிகையை ஒரு மாதத் தொல்லையாக்கியவர்களுக்கு

'கை ஃபாக்ஸ் இரவு' கொண்டாடப்படும் நவம்பர் 5 என்பது நாட்காட்டியில் ஒரே ஒரு நாள்தான் என்று இங்கிலாந்தில் இனி யாரிடமும் சொல்லிப் பயனில்லை. அக்டோபர் நடுவில் தொடங்கும் வெடிச் சத்தம் நவம்பர் நடுப்பகுதி வரை ஓய்வதில்லை. அவற்றில் எது பண்டிகை இரவு, எது யாரோ சில இளைஞர்களுக்குப் பொழுது போகாத இரவு என்று பிரித்தறிய வழியும் இல்லை. அந்தப் பண்டிகையின் உயிராக இருந்த பெருந்தீ, நம் கோயில் வாசல் சொக்கப்பனையைப் போல ஊரையே தன்னைச் சுற்றி நிறுத்திய அந்தத் தீ, ஊர் ஊராக அணைந்துவிட்டது. அதற்கு அலங்காரமாக வந்து சேர்ந்த வெடி மட்டும் கேட்பாரற்றுத் திரிகிறது.

நாடாளுமன்றத்தின் பிரபுக்கள் சபைக்குக் கீழிருந்த நிலவறையில் 36 பீப்பாய் வெடிமருந்தோடு, மன்னரையும் நாடாளுமன்றத்தையும் தகர்க்கத் திட்டமிட்ட கத்தோலிக்கச் சதிகாரர்களில் ஒருவரான கை ஃபாக்ஸ் பிடிபட்டது 1605-இல். முதலாம் ஜேம்ஸ் மன்னர் உயிர் தப்பியதற்காக லண்டன் மக்கள் அன்றிரவே தெருவில் தீ மூட்டினார்கள். அடுத்த ஆண்டு நாடாளுமன்றம் அந்த நாளை நன்றி செலுத்தும் நாளாகச் சட்டமாக்கியது. அச்சட்டம் 1859 வரை நீடித்தது. கத்தோலிக்கர்மீதான வெறுப்பு அந்தத் தீயில் நெடுங்காலம் எரிந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. போப்பாண்டவரின் கொடும்பாவியைக் கொளுத்திய காலமும் உண்டு. அதை யாரும் மீட்டுத் தர வேண்டாம். வெறுப்பு வடிந்தபின் எஞ்சிய அண்டை அயலாரின் கூட்டம் போனதே என்பதுதான் என் ஆதங்கம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் வட இங்கிலாந்துக்கு வந்தபோது அந்தக் கூட்டம் இன்னும் உயிரோடு இருந்தது. பிள்ளைகள் பழைய காற்சட்டைக்குள்ளும் மேற்சட்டைக்குள்ளும் செய்தித்தாளைத் திணித்துக் கை ஃபாக்ஸின் கொடும்பாவி செய்து, அதைக் குழந்தை வண்டியில் உட்காரவைத்துக் கடை வாசலில் நின்று வழிப்போக்கரிடம் சில்லறை கேட்பார்கள். உடைந்த அலமாரிக் கதவு, கால் போன நாற்காலி என்று ஆளுக்கொன்றைக் கொண்டுவந்து தெருக்கோடி வெற்றிடத்தில் குவிப்பார்கள். (மூட்டுவதற்கு முன் குவியலுக்குள் முள்ளெலி ஒளிந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லும் அறிவுரை இன்றும் ஆண்டுதோறும் வருகிறது, முள்ளெலிக்குக் காட்டும் அக்கறையில் பாதியை அயல்வீட்டுக்காரருக்கும் காட்டினால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.) பால் போத்தலில் நிறுத்திய ராக்கெட், வேலிக் கம்பத்தில் ஆணியடித்த சக்கரம், பிள்ளைகள் கையில் கம்பி மத்தாப்பு, தணலில் சுட்ட உருளைக்கிழங்கு, ஓட்ஸும் இஞ்சியும் மணக்கும் பார்க்கின் கேக் என்று எல்லாம் ஒரே மாலையில் தொடங்கி, பிள்ளைகள் உறங்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும். தீக்காயங்கள் அப்போதும் உண்டு. வெறும் சத்தத்துக்காகவே செய்யப்பட்ட சிறு வெடிகளை 1997-இல் தடை செய்தது சரியான முடிவுதான்.

இன்று எங்கள் பகுதிக் கவுன்சில் செலவைக் காட்டித் தன் பொதுத் தீயை நிறுத்திவிட்டது. அதற்குப் பதிலாகக் கம்பி வேலிக்குப் பின்னால் யாரோ நடத்தும் காட்சிக்கு இணையத்தில் நுழைவுச்சீட்டு வாங்கி, வாகனம் நிறுத்துவதற்குத் தனியாகப் பணம் கட்டி, கைப்பேசித் திரையைக் காட்டி உள்ளே போக வேண்டியிருக்கிறது. உள்ளே லேசர் ஒளியும் காதைப் பிளக்கும் இசையும் இருக்கின்றன. தீ மட்டும் இல்லை. பக்கத்தில் நிற்பவர் யார் என்று கேட்கக்கூட அந்த இரைச்சல் விடுவதில்லை.

பணம் கொடுத்து அங்கே போக விரும்பாதவர்கள் என்ன செய்கிறார்கள்? அட்டைப் பெட்டிக்குள் பல குழாய்களை அடுக்கி, ஒரு திரியைக் கொளுத்தினால் வரிசையாகச் சீறிப் பாயும் வெடிகளை வாங்கிவந்து, நினைத்த இரவில் வெடிக்கிறார்கள். சாதாரண கடைகள் அக்டோபர் 15 முதல் நவம்பர் 10 வரை பட்டாசு விற்கலாம் என்று விதி சொல்கிறது. அதாவது ஓர் இரவுக்காக 27 நாள் விற்பனை! வாங்கியதை அந்த நாட்களில்தான் வெடிக்க வேண்டும் என்பதும் இல்லை. இரவு 11 மணிக்குள் என்றால் ஆண்டில் எந்த நாளும் ஆகலாம். ஒலிக்கு 120 டெசிபல் உச்சவரம்பு இருக்கிறதாம். என் ஜன்னலுக்கு வெளியே அதை அளந்து பார்க்க எந்த அதிகாரி வரப்போகிறார்?

வன்னியில் ஷெல்லடிக்குப் பயந்து பதுங்குகுழியில் இரவுகளைக் கழித்த என் தாயார் எங்களுடன் இருக்கிறார். நவம்பர் 5 அன்று என்ன நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லி, ஜன்னல் திரைகளை இழுத்து, தொலைக்காட்சியைச் சத்தமாக வைத்து அவரை அமர்த்திக்கொள்ள முடியும். ஆனால் அக்டோபர் இறுதியில் ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை, பத்தரை மணிக்கு, எந்த அறிவிப்பும் இல்லாமல் கூரைக்கு மேலே வெடிக்கும்போது, அவர் தேநீர்க் கோப்பையைத் தரையில் வைத்துவிட்டுச் சுவரோரம் போய் உட்காருகிறார். கோப்பை சிந்திவிடக் கூடாது என்ற கவனம் அந்த நிலையிலும் அவருக்கு இருக்கிறது. இதைப் பார்த்தபின்னும் 'கொஞ்சம் அனுசரித்துப் போங்கள்' என்று எனக்குப் புத்தி சொல்பவர்களை என்ன செய்வது?

முறையிட்டால் கவுன்சில் காவல்துறையைக் கைகாட்டுகிறது. காவல்துறையோ எந்த வீட்டிலிருந்து வெடித்தார்கள் என்று நம்மிடமே கேட்கிறது. இருட்டில் ஓடி மறையும் பையன்களுக்கு வீட்டு எண் எழுதி ஒட்டியா வைத்திருக்கிறது? சட்டத்தில் அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. எங்கள் தெருவைப் பொறுத்தவரை எல்லாம் ஏட்டுச் சுரைக்காய். வட அயர்லாந்தில் மத்தாப்பு போன்ற சிலவற்றைத் தவிரப் பட்டாசு வாங்கவே உரிமம் வேண்டும். ஸ்காட்லாந்தில் 2022-ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளூராட்சிகள் பட்டாசுக் கட்டுப்பாட்டு வலயங்களை அறிவிக்கலாம். எடின்பரோ 2024-இல் அறிவித்தும் காட்டியது. இங்கிலாந்துக்கு மட்டும் அப்படி என்ன கை கட்டிக் கிடக்கிறது?

விற்பனையை நவம்பர் 5-க்கு முந்தைய மூன்று நாட்களுக்கு மட்டும் என்று சுருக்குங்கள். வீட்டுத் தோட்டத்தில் வெடிப்பதையும், தீபாவளி நீங்கலாக, அந்த ஓர் இரவுக்கு மட்டும் அனுமதியுங்கள். தீபாவளிக்காக நள்ளிரவு ஒரு மணி வரை வெடிக்கச் சலுகை இருப்பது எனக்குத் தெரியும்; தீபாவளி கொண்டாடும் வீடுதான் எங்களுடையதும். அந்தச் சலுகையையும் பதினொரு மணியோடு முடித்துவிடுங்கள், எங்கள் வீட்டிலிருந்து ஓர் ஆட்சேபமும் வராது. பூங்காவில் ஒரு தீயை மூட்டி வேலியைக் கழற்றிவிட்டால், உடைந்த நாற்காலி கொண்டுவர நாங்கள் தயார்.