அந்தக் குழி யாருடையது?

இங்கிலாந்து உள்ளாட்சியில் மாவட்டக் கவுன்சில், அதற்கு மேலே கவுண்டி கவுன்சில் என்று இருக்கும் இரண்டு அடுக்கை ஒன்றாக்கினால் செலவு மிச்சம், குழப்பம் தீரும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. குழப்பம் உண்மைதான். எங்கள் தெருவில் குப்பையை அள்ளுவது ஒரு கவுன்சில், அதை அழிப்பது இன்னொன்று. வாசலருகே இருந்த குழிக்குப் போன் செய்தால், "சாலை எங்கள் வேலை இல்லை, கவுண்டியைக் கேளுங்கள்" என்றார்கள். மழைத் தண்ணீர் நிற்கும்போது பக்கத்து வீட்டுப் பெரியவர் கைத்தடியால் ஆழம் பார்த்துத்தான் அதைத் தாண்டுவார்.

சரி, ஒன்றாக்கட்டும். ஆனால் கடன்? லண்டனை ஒட்டிய சரே பகுதியில் ஒரு கவுண்டி கவுன்சிலும் 11 மாவட்டக் கவுன்சில்களும் போய், 2027 ஏப்ரலில் கிழக்கு, மேற்கு என இரண்டே கவுன்சில்கள் வருகின்றன. மேற்கில் சேரும் வோக்கிங் மாவட்டக் கவுன்சிலின் கடன் மட்டும் சுமார் 200 கோடி பவுண்டு. அரசு அடைக்க முன்வந்தது 50 கோடி. மீதியை, அதே மேற்கில் சேரும் பக்கத்து மாவட்டமான கில்ட்ஃபோர்டுக்காரர்கள் ஏன் சுமக்க வேண்டும்? அவர்களா கடன் வாங்கினார்கள்?

அப்புறம், ஒரு கவுன்சிலுக்கு 5 லட்சம் பேர் என்பது அரசு வைத்திருக்கும் அளவு. அதிகாரப் பரவல் என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் இருந்த அலுவலகத்தைத் தூரமாகக் கொண்டுபோகிறார்கள். பூங்கா, சமூகக்கூடம் போன்றவற்றையாவது, பராமரிக்கும் பணத்தோடு சேர்த்து, அந்தந்த ஊரின் சிறு கவுன்சிலிடம் கொடுங்கள்.