கடலின் நலம் டன் கணக்கில் தெரியாது

ஆண்டுதோறும் மீன்பிடிப் புள்ளிவிவரம் வெளியானதும் முகநூலில் ஒரு சடங்கு நடக்கிறது. டன் கணக்கு ஏறியிருந்தால் கடல் செழிப்பாக இருக்கிறது என்று ஒரு கூட்டம். இறங்கியிருந்தால் கடல் செத்துவிட்டது என்று இன்னொரு கூட்டம். இரு தரப்பும் பார்ப்பது ஒரே எண்ணைத்தான். அந்த எண், கரைக்கு எவ்வளவு வந்தது என்று மட்டுமே சொல்கிறது. வந்த மீனுக்கு என்ன வயது, அது ஒருமுறையாவது முட்டையிட்டதா, நீளத்துக்கு ஏற்ற எடை இருந்ததா என்பதெல்லாம் அதில் இல்லை.

வயதைக் கணிப்பதுதான் இதில் சுவையான பகுதி. கத்தாழை, பன்னா மீன் தலையை விரும்பிச் சாப்பிடுகிறவர்களின் பல்லில் வெள்ளைக் கல் ஒன்று இடறியிருக்கும். மீனின் உட்காதில் இருக்கும் செவிக்கல் அது. மற்ற எலும்பு மீன்களுக்கும் உண்டு, இவற்றுக்குச் சற்றுப் பெரிது. அதைக் குறுக்கே அறுத்துத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்த்தால் மரத்தின் ஆண்டு வளையம்போல அடுக்குகள் தெரியும். நார்வே போன்ற குளிர்கடல்களில் பருவத்துக்குப் பருவம் வளர்ச்சி வேகம் மாறுவதால் வளையங்கள் தெளிவாக விழும். நம் கடலில் அப்படிப்பட்ட குளிர்காலம் ஏது? வளையங்கள் மங்கலாகவே இருக்கும். நாளுக்கொன்றாக விழும் நுண்வளையங்களும் உண்டு. 1971இல் ஜார்ஜியோ பன்னெல்லா என்ற ஆய்வாளர் அவற்றைக் கண்டறிந்தார். அவற்றை எண்ணுவது கண் பூத்துப்போகும் வேலை, நெடுநாள் வாழும் மீனுக்கு ஒத்தும் வராது.

வயதைத் தவறாகக் கணித்தால் என்ன ஆகும் என்பதற்கு நியூசிலாந்து, ஆஸ்திரேலியக் கடல்களின் ஆரஞ்சு ரஃபியே சாட்சி. மற்ற மீன்களைப்போல விரைவில் வளர்ந்துவிடும் என்று நினைத்து இந்த ஆழ்கடல் மீனை அள்ளினார்கள். செவிக்கல்லைச் சரியாக ஆராய்ந்தபோது, நூறு வயதைத் தாண்டக்கூடியது, இனப்பெருக்கத்துக்கே பல பத்தாண்டுகள் ஆகும் என்று தெரிந்தது. அதற்குள் பல இடங்களில் அந்த மீன் கூட்டங்கள் சரிந்திருந்தன. வலை வீசிய ஆரம்ப ஆண்டுகளில் டன் கணக்கு பிரமாதமாகத்தான் இருந்தது!

நம் பக்கம் பெரும்பாலும் நீளத்தை நம்பித்தான் வேலை நடக்கிறது. ஆய்வாளர்கள் மீன் இறங்குதளத்துக்குப் போய், குவியலிலிருந்து பெரிது சிறிது பாராமல் மீன்களை எடுத்து, அளவுபலகையில் வைத்து நீளத்தைக் குறிக்கிறார்கள், எடை போடுகிறார்கள், வயிற்றைக் கிழித்துச் சினை எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்கிறார்கள். எந்த நீளத்தில் எத்தனை மீன் என்று வரைந்தால், ஒரே பருவத்தில் பிறந்தவை ஒரு மேடாக எழும். அந்த மேடு மாதாமாதம் எவ்வளவு நகர்கிறதோ அதுதான் வளர்ச்சி.

கேட்க எளிது. ஆனால் கடலில் இருப்பது வேறு, வலையில் விழுவது வேறு. கண் பெரிதான வலையில் குஞ்சுகள் தப்பிவிடும். அந்த வலையின் மீனை மட்டும் அளந்தால் கடலில் குஞ்சே இல்லை என்று தோன்றும். சில மீன்கள் ஆண்டில் பல மாதங்கள் முட்டையிடுவதால் மேடுகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். என் பெரிய கவலை வேறொன்று. ஏலத்துக்குப் போகும் நல்ல மீனை அளந்துவிட்டு, தீவன ஆலைக்குப் போகும் கழிவு மீனை விட்டுவிட்டால், தெரிந்தே ஆகவேண்டிய செய்தி லாரியில் ஏறிப் போய்விடும். வளராத குஞ்சுகள் பெருமளவில் கிடப்பது அந்தக் குவியலில்தான்.

கேரளத்து மத்தியைப் பாருங்கள். 2012இல் ஏறத்தாழ 4 லட்சம் டன் பிடிபட்டது; 2021இல் 3,297 டன். 4 லட்சம் டன் வந்த ஆண்டில் வெறும் டன்னை வைத்து யாரால் இந்தச் சரிவை ஊகித்திருக்க முடியும்? கடலின் வெப்பமும் மழையும் இதில் கலந்திருக்கின்றன. எல்லாப் பழியையும் வலையின்மேல் போடுவது நியாயமில்லை. ஆனாலும் 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த மத்தியைப் பிடிக்கக்கூடாது என்று கேரளம் விதி வகுத்திருப்பது சரியான திசை. அந்த விதி நீளத்தைப் பார்க்கிறது.

நான் கேட்பது இவ்வளவுதான். டன் கணக்கை அறிவிக்கும் அதே அறிக்கையில், முக்கியமான மீன் ஒவ்வொன்றுக்கும் இந்த ஆண்டின் சராசரி நீளம் என்ன, பிடிபட்டதில் சினைப்பருவம் எட்டாதவை நூற்றுக்கு எத்தனை என்று இரண்டு வரி சேருங்கள். அதைத் தமிழில் அச்சடித்து மீன் ஏலக்கூடத்திலும் ஒட்டுங்கள்.