1948-க்கு முன்பே கைமாறிய வேகன்கள்

"1948 ரயில்வே தேசியமயம் வரை பிரிட்டிஷ் நிலக்கரி வேகன்கள் (கரி ஏற்றும் ரயில் சரக்குப் பெட்டிகள்) சுரங்க முதலாளிகள், கரி வணிகர்கள் கையில்தான் இருந்தன, அரசு ஒரே நாளில் பறித்துக்கொண்டது" என்று எழுதியிருக்கிறீர்கள். உரிமையைப் பொறுத்தவரை 1948 சரி. ஆனால் வேகன்கள் அவர்கள் கையை விட்டுப் போனது 1939-இல். இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட தனியார் வேகன்களை அரசு கையகப்படுத்திப் பொதுத் தொகுப்பில் சேர்த்தது.

காரணம் எளிது. அதுவரை ஒரு சுரங்கத்தின் வேகன் சரக்கை இறக்கியதும் பெரும்பாலும் காலியாகவே உரிமையாளரிடம் திரும்ப வேண்டும். வழியில் வேறொருவரின் கரியை ஏற்ற முடியாது. ரயில் யார்டில் உரிமையாளர் பெயர் பார்த்து வேகன்களைப் பிரிக்கும் வேலை வேறு. தொகுப்பில் வந்தபின் எந்த வேகனிலும் எவர் கரியும் போகலாம். பக்கவாட்டில் பெரிய எழுத்தில் இருந்த வணிகர் பெயர் வெறும் அலங்காரம்தான். (அந்தப் பெயரும் எப்போதும் சொந்தக்காரரைக் குறிக்காது, பலர் வேகன் கட்டும் கம்பெனிகளிடம் வாடகைக்கோ தவணைக்கோ எடுத்தவர்கள்.)

போர் முடிந்தும் அவை திரும்பவில்லை. 1947 போக்குவரத்துச் சட்டப்படி 1948 ஜனவரி 1 அன்று அரசு அமைப்பான பிரிட்டிஷ் போக்குவரத்து ஆணையத்துக்குச் சொந்தமாகப் போயின. சட்டப்படி நஷ்டஈடும் உண்டு, எனவே "பறித்தது" என்பதும் பொருந்தாது.