30 பாட் திட்டத்தை மக்கள் கேட்டார்கள்
ஒரு முறை சிகிச்சைக்கு 30 பாட் (தாய்லாந்து நாணயம்) மட்டும் கட்டினால் போதும் என்று தொடங்கிய தாய்லாந்தின் 30 பாட் மருத்துவத் திட்டம், முன்னாள் பிரதமர் தக்சின் தேர்தலுக்காகக் கொடுத்த இலவசம், மக்கள் யாரும் கேட்கவில்லை என்று சிலர் சொல்கிறார்கள். அது சரியல்ல. 2001 தேர்தலில் வாக்குறுதி கொடுத்து, ஜெயித்ததும் செயல்படுத்தியவர் அவர்தான். அந்தப் பெருமை அவருக்கு உண்டு. ஆனால் டாக்டர் சங்குவான் நித்தயாரம்பொங் போன்ற கிராமப்புற அனுபவமுள்ள மருத்துவர்கள் இதற்காகப் பல வருடம் உழைத்திருந்தார்கள். 50,000 பேர் கையெழுத்திட்டால் மக்களே சட்ட முன்வடிவு கொடுக்கலாம் என்றது 1997 அரசியலமைப்பு. நுகர்வோர், பெண்கள், எச்ஐவியோடு வாழ்வோர் எனப் பல அமைப்புகள் சேர்ந்து, எல்லோருக்கும் மருத்துவக் காப்பு தரும் சட்டம் கேட்டு அந்தக் கையெழுத்துகளைத் திரட்டின. 2002இல் சட்டம் வந்தது. அப்போதும் எச்ஐவியைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்துகள் திட்டத்தில் இல்லை. நோயாளிகள் போராடித்தான் சேர்க்க வைத்தார்கள். திட்டத்தை மேற்பார்வையிடும் சுகாதாரக் காப்பு வாரியத்தில் மக்கள் அமைப்புகளுக்குச் சட்டப்படி இடம் இருப்பதும் அந்த உழைப்பால்தான்.