ஒருங்கிணைத்துவிட்டார்களாம்!

எங்கள் மசாலா நிறுவனத்தில் மென்பொருள்கள் எல்லாம் ஒருங்கிணைந்துவிட்டனவாம். கேக் வெட்டிக் கொண்டாடினார்கள். ஆர்டரிலிருந்து கிடங்குக்கு, கிடங்கிலிருந்து பில்லுக்கு, பில்லிலிருந்து கணக்குக்கு என்று திரையில் அம்புக்குறிகள் ஓடின. உண்மையில் அந்த அம்புக்குறிகள் எல்லாம் கணக்குப் பிரிவில் இருக்கும் ஒரே ஒரு பெண்! ஒரு மென்பொருளிலிருந்து கோப்பை இறக்கி, எக்செல்லில் திறந்து, பத்திகளை மாற்றி, இன்னொன்றில் ஏற்றிக்கொண்டிருக்கிறார். இதற்குப் பெயர் தானியங்கி.

பில்லில் ஒவ்வொரு சரக்குக்கும் வரிக்காகப் போடும் வகை எண்தான் எச்எஸ்என் குறியீடு; மஞ்சள் தூளுக்கு அது 091030. அந்தக் கோப்பை எக்செல்லில் திறந்ததும் அது 91030 ஆகிவிடுகிறது. எண் என்று நினைத்து முன்னால் இருக்கும் பூஜ்யத்தை அது விழுங்கிவிடும்; இது ஊரறிந்த சங்கதி, மென்பொருள் விற்றவர்களுக்கு மட்டும் தெரியாதா? 2023 ஆகஸ்டிலிருந்து ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாய்க்கு மேல் உள்ள எங்களைப் போன்றவர்கள் பிற வணிகர்களுக்குப் போடும் பில்லுக்கு இ-இன்வாய்ஸ் எடுத்தாக வேண்டும்; அதாவது, பில்லை அரசுத் தளத்தில் பதிய வேண்டும். பூஜ்யம் போன குறியீடு தவறு என்று தளம் திருப்பி அனுப்பிவிடுகிறது. பில்லுக்குத் தளம் தரும் பதிவு எண்ணான ஐஆர்என் வராது, சரக்கை லாரியில் அனுப்பத் தேவையான இ-வே பில் வராது, பாலக்காடு போக வேண்டிய லாரி வாசலிலேயே நிற்கும். மேலாளர் யாரைப் பார்த்துக் கத்துகிறார்? மென்பொருளையா? அந்தப் பெண்ணைத்தான்!

பில்லை ரத்து செய்ய நேர்ந்தால் இதைவிடக் கொடுமை. 24 மணி நேரத்துக்குள் செய்ய வேண்டும். இ-வே பில் போட்டிருந்தால் முதலில் அதை ரத்து செய்ய வேண்டும். அதே பில் எண்ணை மறுபடி பயன்படுத்தவும் முடியாது. சரி, இது அரசின் விதி, பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் ரத்தான செய்தி எங்கள் கிடங்கு மென்பொருளுக்குப் போவதே இல்லை. போகும் வழியை மட்டும் போட்டார்கள்; திரும்பும் வழி "அடுத்த கட்டத்தில் வரும் சார்". அதுவரை, இருக்கும் சரக்கு இல்லை என்று திரை சொல்லும், நாங்கள் மூட்டைகளை எண்ணிக்கொண்டிருப்போம்.

நிர்வாகத்தையும் சும்மா விட முடியாது. ஒரே கடைக்கு மூன்று மென்பொருளிலும் மூன்று குறியீடுகள், மூன்று விதமான எழுத்துக்கூட்டல். பணம் ஒன்றில் வரவாகிறது, பாக்கி இன்னொன்றில் நிற்கிறது. பணம் கட்டிய கடைக்காரரையே விற்பனைப் பையன் விரட்டி, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு வருகிறான். 15 இலக்க ஜிஎஸ்டி எண்ணை அடையாளமாக வைத்து, வாடிக்கையாளர் பட்டியலை ஒருமுறை உட்கார்ந்து சரிசெய்திருந்தால் பாதித் தொல்லை தீர்ந்திருக்கும். அதற்கு யாருக்கும் நேரமில்லை. கேக் வெட்ட மட்டும் இருந்தது.

ஒப்புதல் முறை இருக்கிறதே, அதைச் சொன்னால் சிரிப்பீர்கள். மிளகாய் வாங்கும் கோரிக்கை மின்னஞ்சலில் போகும். மேலதிகாரி அதைத் திறக்க மாட்டார். வாட்ஸ்அப்பில் கெஞ்ச வேண்டும். கடைசியில் அச்செடுத்துக் கையெழுத்து வாங்கி, ஸ்கேன் செய்து, "காகிதமில்லா அலுவலகம்" என்ற பக்கத்திலேயே ஏற்றுகிறோம்.

"நேரடி இணைப்பு கேட்டோமே?" என்று மென்பொருள் விற்றவர்களிடம் கேட்டால், "ஏபிஐ இருக்கிறது சார், அது தனிக் கட்டணம்" என்கிறார் ஒருவர்; மென்பொருள்கள் ஒன்றோடொன்று நேரடியாகப் பேசிக்கொள்ளும் வழிக்குத்தான் அந்தப் பெயர். "எங்கள் பக்கம் சரியாகத்தான் இருக்கிறது, அவர்களைக் கேளுங்கள்" என்கிறார் மற்றவர். போகட்டும், எச்எஸ்என் பத்தியை எண்ணாக இல்லாமல் எழுத்தாகவாவது கொண்டுபோகச் செய்யுங்கள் என்று எழுதிக் கேட்டோம். பதில் வந்துவிட்டது. அது புதிய கோரிக்கையாம், விலைப்புள்ளி அனுப்புகிறார்களாம், வரி தனியாம்!